நூறு கேட்டால் நூறேதான் வரணுமா?

சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று சொல்லி கம்ப்யூட்டரிடம் 25 எண்கள் கேட்டால், ஒரு தடவை 97.3 சராசரியோடு ஒரு சாம்பிள் வரும். அடுத்த தடவை 104.1. உடனே புள்ளியியல் மாணவருக்குக் கை பரபரக்கும். 'நூறு கேட்டால் நூறு வர வேண்டாமா?' வழி ரொம்ப சுலபம்தான். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சாம்பிளின் சராசரியைக் கழித்து, சாம்பிளின் திட்ட விலக்கத்தால் வகுத்து, 15ஆல் பெருக்கி, 100 கூட்டினால் இம்மி பிசகாமல் வந்துவிடும். ஆர் மொழியில் அதுகூட வேண்டாம். மாஸ் தொகுப்பில் உள்ள எம்விஆர்நார்ம் ஃபங்ஷனில் எம்பிரிக்கல் என்பதை ட்ரூ ஆக்கினால் போதும், ஒட்டுறவுக் கெழு உட்பட எல்லாம் கேட்டபடி வந்து நிற்கும்.

கரும்பலகையில் ஒரு உதாரணம் காட்டத்தான் என்றால் தாராளமாகச் செய்யலாம். 1973ல் ஆன்ஸ்கோம்ப் கொடுத்த நான்கு தரவுத் தொகுதிகளும் அந்த வகைதான். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், சராசரியும் ஒட்டுறவும் (0.816) நான்கிலும் ஒன்றே. படம் வரைந்தால் நான்கும் நான்கு தினுசு! அங்கே அந்தப் பொருத்தம்தான் பாடமே.

வில்லங்கம் எங்கே என்றால், இதே வித்தையை சிமுலேஷனுக்குள் கொண்டுபோகும்போது. உண்மைச் சராசரி 106 என்று வைத்து, 25 பேர் கொண்ட சாம்பிள் அதை 100லிருந்து பிரித்துக் காட்டுமா என்று டி-சோதனை செய்வதாக வைத்துக்கொள்ளலாம். திருத்திய சாம்பிளில் டி மதிப்பு 6/3, அதாவது எப்போதும் 2. ஐந்து சதவீத வரம்போ 2.064. பத்தாயிரம் தடவை ஓட்டினாலும் ஒரு தடவைகூட பிடிபடாது. 107 என்று மாற்றினால் டி 2.33 ஆகி பத்தாயிரமும் பிடிபடும். ஒரே ஒரு புள்ளி நகர்ந்ததற்கு பூஜ்யத்திலிருந்து நூற்றுக்கு நூறா?! திருத்தாமல் ஓட்டினால் முதலாவதில் கிட்டத்தட்ட பாதி, இரண்டாவதில் சுமார் 60 சதவீதம் பிடிபடும். பத்தாயிரம் தடவை ஓட்டியதாக ஆய்வேட்டில் எழுதுகிறவர் உண்மையில் ஓட்டியது ஒரே தடவை.

இந்த டி-சோதனை பிறந்த கதை இன்னும் வேடிக்கை. கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காஸெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908ல் வெளியிட்ட கட்டுரைக்காக 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 சாம்பிள்கள் எடுத்தார். அவை எப்படியெல்லாம் சிதறுகின்றன என்று பார்க்கத்தான் அத்தனை பாடும். ஒவ்வொரு நான்கையும் 'சரிசெய்து' சராசரியை நிறுத்தியிருந்தால் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

சராசரி தள்ளிப்போனால் புரோகிராமில் தப்போ என்று பயம் வரும், அது நியாயமான பயம்தான். ஆனால் 25 எண்களின் சராசரி 94க்கும் 106க்கும் இடையே அலைவது நூற்றுக்கு 95 தடவை நடக்கிற சமாச்சாரம். சரிபார்க்க வேண்டுமென்றால் பத்தாயிரம் சாம்பிள்களின் சராசரிகளையும் சேர்த்து ஒரு சராசரி எடுத்து, அது நூறை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கலாம். எம்பிரிக்கல் ட்ரூவா ஃபால்ஸா என்பதையும் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால், படிக்கிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார் :)