முன்வண்டிக்கு என்ன நியாயம்?

பள்ளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேரன் வந்திருக்கிறான். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் நடந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து பையனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். அல்லிநகரத்துக்கு வந்தும் விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பழைய ஃபார்முலா ஒன் பந்தயங்களை ஒவ்வொன்றாக எனக்குப் போட்டுக் காட்டுகிறான். நானும் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறேன்.

சண்டை இரண்டு விஷயத்தில். "முன்னாடி போறவன் மறிக்கத்தான் செய்வான் தாத்தா, அதுவும் ஒரு திறமை" என்பான். "கடைசி ரெண்டு ரவுண்டு இருக்கறப்ப நிறுத்தி, எல்லாரையும் வரிசையில நிக்க வச்சு மறுபடி விட்டா அதுதான் செம த்ரில்" என்பான். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனிடம் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

உனக்குக் கார் பந்தயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கார் தெரியாது. பந்தயம் தெரியும். 33 வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். அதோடு இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு மாட்டு வண்டிப் பந்தயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பிரித்து ஓட விடுகிற ஊர்கள் நம்முடையவை. விடியற்காலையில் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று எத்தனை பந்தயம் பார்த்திருப்போம்!

அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முன்வண்டிக்கு ஓர் உரிமை உண்டு, ஒரு கடமை உண்டு. ஓடிச் சேர்த்த தூரம் அவனுக்குச் சொந்தம் என்பது உரிமை. பின்னால் வருகிறவனை ரோட்டை விட்டுத் தள்ளக்கூடாது என்பது கடமை. இன்றைய கார் பந்தயத்தில் இந்த இரண்டையும் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். தள்ளுகிறவனை வீரன் என்கிறார்கள். சேர்த்த தூரத்தை ஒரு கொடியை ஆட்டிப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

முதலில் மறிப்பதைப் பார்ப்போம்.

முன்னால் போகிறவன் சும்மா விலகி வழிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அது பந்தயமே இல்லை. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "முடிந்தால் அந்தப் பக்கம் வா" என்று சொல்லலாம். ஃபார்முலா ஒன் விதியும் அதைத்தான் சொன்னது: இடத்தைக் காக்க ஒருமுறை திசை மாறலாம், இரண்டாம் முறை கூடாது. ஓரத்திலிருந்து மறுபடி தன் பாதைக்குத் திரும்பினால் ஒரு கார் அகலம் இடம் விட வேண்டும். நம் ஊர் மைக்கில் கமிட்டிக்காரர், "ஏறி வர்ற வண்டிய குறுக்க மறிச்சா பரிசு கிடையாது" என்று அறிவிப்பாரே, அதே சங்கதிதான்.

இதில் உயிர் இருக்கிறது. 300 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன், முன்கார் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் எந்தப் பக்கம் போவது, எப்போது பிரேக் போடுவது என்று முடிவு செய்கிறான். அவன் பிரேக்கை மிதித்த பிறகு முன்கார் நகர்ந்தால் அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மோத வேண்டும், இல்லையென்றால் ரோட்டை விட்டு இறங்க வேண்டும். 2010-ல் ஹங்கேரியில் மைக்கேல் ஷூமாக்கர், தன்னை முந்த வந்த பாரிக்கெல்லோவைச் சுவரை ஒட்டி நெருக்கினார். பார்க்கிற எனக்கே நெஞ்சு அடைத்தது. ஏழு முறை உலக சாம்பியன் ஆனவருக்கு அது தேவையா? அடுத்த பந்தயத்தில் பத்து இடம் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். ஆனால் அந்தச் சுவரில் கார் உரசியிருந்தால் பத்து இடம் எதற்கு ஈடாகும்?

2016-ல் பிரேக் போடும்போது நகரக்கூடாது என்று கறாராகச் சொன்னார்கள். அடுத்த வருஷமே பிடியைத் தளர்த்தினார்கள். 2024-ல் மெக்சிகோவில் வெர்ஸ்டாப்பன் ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் லாண்டோ நாரிஸை வெளியே தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி தண்டனை. தண்டனை கொடுத்தார்களே, பிறகென்ன என்று பேரன் கேட்டான். நொடிக்கணக்கில் தண்டனை என்பது காசு கட்டித் தப்பு செய்வது மாதிரி. வேகமான கார் வைத்திருப்பவனுக்கு ஐந்து நொடி பெரிய விலையே இல்லை. தள்ளிவிட்டால் அந்த இடத்தை அடுத்த சுற்றுக்குள் திருப்பிக் கொடு. கொடுக்காவிட்டால் வெளியே போ. கபடியில் கோட்டைத் தாண்டியவனை நாங்கள் ஐந்து நொடியா நிற்க வைத்தோம்? வெளியே அனுப்பினோம்.

அடுத்தது கடைசி நேர நிறுத்தம். இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது.

1986. வீரபாண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். நடுமாடு பந்தயம், போக வர ஐந்து மைல். வாத்தியார் என்பதால் என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது கடைசி அரை மைல். முதல் வண்டி இருநூறு கஜம் முன்னால். பின்னால் வந்த ஒரு வண்டியின் சக்கரம் ஓடைச் சரிவில் இறங்கி, மாடு நடு ரோட்டில் விழுந்துவிட்டது. சனம் ஓடியது. சிவப்புத் துண்டை ஆட்டி எல்லா வண்டியையும் நிறுத்தினோம். அது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

மாட்டைத் தூக்கி ரோட்டை ஒதுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கமிட்டியில் பேச்சு. "கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு வாத்தியாரே. எல்லா வண்டியையும் இங்கயே ஒரே வரிசையில நிப்பாட்டி விடுவோம். நல்லா இருக்கும்." நான் பேசாமல் நின்றேன். விட்டார்கள். தலையிலிருந்தே இழுத்து வந்த முதல் ஜோடி, நின்றதில் உடம்பு ஆறிக் கால் பிடித்துப் போயிருந்தது. நடுவழி வரை அடக்கி ஓட்டப்பட்ட இரண்டாவது ஜோடி கழுத்தளவு முந்திக் கோட்டைத் தொட்டது. கூட்டம் விசிலடித்தது.

முதல் வண்டிக்காரர் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க பாத்தீங்கள்ல வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டார். "கமிட்டி முடிவுண்ணே" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பிடித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பந்தயத்துக்கு வண்டி கட்டி நான் பார்க்கவில்லை. இப்போது அவரும் இல்லை. அந்த இருநூறு கஜத்தை நான்தான் அழித்தேன் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால்தான் 2021 டிசம்பர் 12 அபுதாபி பந்தயத்தைப் பேரன் போட்டுக் காட்டியபோது எனக்கு உட்கார முடியவில்லை. 58 சுற்று. அந்த வருஷத்துக் கணக்கில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஒரே புள்ளி. 53-வது சுற்றில், பத்து நொடிக்கு மேல் முன்னால் ஹாமில்டன். பின்வரிசைக்காரர் லத்தீஃபி சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. அது வந்தால் எல்லாக் காரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், சேர்த்த தூரம் போச்சு. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய்ப் புது டயர் போட்டு வந்தார். ஹாமில்டனின் டயர் நாற்பது சுற்றுக்கு மேல் ஓடியது. இடையில் நின்ற சுற்றுக் குறைந்த கார்கள் முந்திப் போக வேண்டாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, இந்த இருவருக்கும் நடுவில் நின்ற ஐந்து கார்களை மட்டும் போகச் சொன்னார்கள். ஒரே ஒரு சுற்று மிச்சம் வைத்துப் பந்தயத்தை விட்டார்கள். உலகப் பட்டம் அந்த ஒரு சுற்றில் கை மாறியது.

வெர்ஸ்டாப்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விட்டால் ஓட்டத்தான் செய்வார். பந்தய இயக்குநர் மைக்கேல் மாசியைப் பிறகு பதவியிலிருந்து மாற்றினார்கள். மனிதத் தவறு என்று அறிக்கை வந்தது. விதியின் வாசகத்தையும் திருத்தினார்கள். எல்லாம் சரி. சுற்றுக் கணக்கு திரும்பி வந்ததா?

2023 ஆஸ்திரேலியப் பந்தயம் இன்னும் வேடிக்கை. கடைசியில் ஒரு கார் மோதியதும் சிவப்புக் கொடி. இரண்டு சுற்றுக்காக எல்லாரையும் நிறுத்தி மறுபடி விட்டார்கள். முதல் வளைவிலேயே ஆளாளுக்கு மோதிக்கொண்டார்கள். மறுபடி சிவப்புக் கொடி. பிறகு, விபத்துக்கு முன் நின்ற வரிசையையே எடுத்துக்கொண்டு சேஃப்டி கார் பின்னால் ஊர்வலமாகப் போய் முடித்தார்கள். பழைய வரிசையே போதும் என்றால் இடையில் எதற்கு அந்த இரண்டு சுற்று? கண்ட பலன் உடைந்த கார்கள்தான்.

நிறுத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2012-ல் மலேசியாவில் கொட்டுகிற மழை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் மழை டயரோடு தொடங்கி, கடைசி வரிசைக் காரை வைத்துக்கொண்டு பத்தாவது இடத்தில் இருந்தார். ஒன்பதாவது சுற்றில் நிறுத்தினார்கள். மறுபடி விட்டபோது பெரிய கார்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டன. அதில் அநியாயம் இல்லை. 56 சுற்றில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. இழந்தவன் திரும்பப் பிடிக்க ரோடு இருந்தது. ரோடு மிச்சம் இருந்தால் மறுபடி விடு. இல்லையென்றால் இருக்கிற வரிசையே முடிவு. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் மறுபடி விடக்கூடாது என்று பந்தயம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

பேரன் இரண்டு கேள்வி கேட்டான். இரண்டும் நல்ல கேள்வி. "பின்னாடி இருந்தவன் நெருங்கி வந்துக்கிட்டு இருந்தா? அவன் உழைப்பு?" அவனுக்கும் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் இழப்பது கிடைத்திருக்கக்கூடிய ஒன்று. முன்னவன் இழப்பது கையில் இருந்த ஒன்று. இரண்டும் ஒன்றாகாது.

"அப்ப முன்னாடி இருக்கறவனோட கூட்டாளி வேணும்னே மோதிப் பந்தயத்தை முடிச்சுட்டா?" செய்யலாம். ஆனால் இப்போதைய முறையிலும் அந்த வேலை நடந்திருக்கிறது. 2008 சிங்கப்பூரில் பிக்கே என்ற இளைஞர், தன் அணியின் அலோன்சோ ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே சுவரில் மோதினார். மறு வருஷம் உண்மை வெளியே வந்தது. எந்த முறையிலும் திருடன் வருவான். அவனைப் பிடித்துத் தண்டியுங்கள். அவனுக்குப் பயந்து நேர்மையாக ஓடியவன் தூரத்தை அழிக்காதீர்கள்.

கூட்டத்துக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற காரணம். 1986-லும் அதுதான், அபுதாபியிலும் அதுதான். கூட்டம் ஒரு மணி நேரத்தில் கலைந்து வீட்டுக்குப் போய்விடும். ஓடியவன்தான் அதை ஆயுசுக்கும் சுமக்கிறான்.

இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களில் பலர் ஊரில் கமிட்டியில் இருக்கிறீர்கள். அடுத்த பந்தயத்துக்கு மைக்கைப் பிடிக்கும்போது இதையும் சேர்த்து முதலிலேயே அறிவித்துவிடுங்கள். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நீங்களாவது சொல்லுங்கள்.