ஒரே விண்ணப்பம்தான்... ஆனா சீட் எப்படி கிடைக்கும்? கடலூர், சிதம்பரம் அரசு கல்லூரிகளில் டிகிரி சேர்க்கை நடப்பது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தமிழ்நாடு முழுக்க அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பப் பதிவு தொடங்கிவிடும். கடலூர் மாவட்டத்திலும் அதே பரபரப்புதான். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரியா, சிதம்பரம் பக்கத்தில் சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரியா, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியா என்று வீட்டுக்கு வீடு பேச்சு ஓடும்.

விண்ணப்பம் போடுவது இப்போது ரொம்ப சுலபம். செல்போனிலேயே முடித்துவிடலாம். ஆனால் நல்ல மார்க் எடுத்தும் சீட் கிடைக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம், விண்ணப்பம் ஒரே இடத்தில் நடக்கிறது, தேர்வு மட்டும் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியாக நடக்கிறது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள்.

எங்கே விண்ணப்பிக்கணும்?

அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற ஒரே இணையதளம்தான். 2023-24 கல்வியாண்டில் இதன் வழியாக 164 அரசு கல்லூரிகளில் 1,07,000-க்கும் அதிகமான இளநிலை இடங்களுக்குச் சேர்க்கை நடந்தது. 2025-ல் தேவை கூடியதால், அரசு கல்லூரிகளில் 20 சதவீதம் வரை கூடுதல் இடங்களை நிரப்ப உயர்கல்வித் துறை அனுமதி கொடுத்தது.

கட்டணமும் பெரிய சுமை இல்லை. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய் என்று மொத்தம் 50 ரூபாய்தான் வசூலிக்கப்பட்டு வருகிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைத் தேர்வு செய்துகொள்ளலாம். இணைய வசதி இல்லாதவர்கள் அரசு கல்லூரிகளில் இருக்கும் உதவி மையத்துக்கு நேரில் போய் பதிவு செய்யலாம்.

மொத்த மார்க் 600-ஐயும் பார்ப்பாங்களா?

இல்லை. பெற்றோர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

பி.ஏ. தமிழ் படிக்க விரும்பினால், பிளஸ் டூ தமிழ்ப் பாடத்தில் எடுத்த மார்க்கை வைத்துத் தரவரிசை போடப்படும். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மற்ற எல்லா டிகிரிக்கும் மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு, மீதி நான்கு பாடங்களின் 400 மார்க்தான் கணக்கு.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவி தமிழில் 98, ஆங்கிலத்தில் 96, நான்கு பாடங்களில் 346 எடுத்திருக்கிறார். மொத்தம் 540. இன்னொரு மாணவர் தமிழில் 85, ஆங்கிலத்தில் 80, நான்கு பாடங்களில் 365. மொத்தம் 530. மொத்தத்தில் மாணவிதான் 10 மார்க் கூடுதல். ஆனால் பி.காம். தரவரிசையில் 365 எடுத்த மாணவர் முன்னால் நிற்பார். அதே மாணவி பி.ஏ. தமிழுக்குப் போட்டிருந்தால் அவருக்குத்தான் முன்னுரிமை. அதனால் 'என் பிள்ளை 540, பக்கத்து வீட்டுப் பையன் 530, அவனுக்கு மட்டும் எப்படி கிடைச்சது?' என்ற கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் முறைகேடு எதுவும் இருக்காது, இந்தக் கணக்குதான் இருக்கும்.

'ஓசி' என்றால் முன்னேறிய வகுப்பினருக்கான இடமா?

அதுவும் தவறான புரிதல்தான். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு முன்னுரிமையாக 3), பழங்குடியினருக்கு 1 சதவீதம். மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. அதில் எந்த சமூகத்தைச் சேர்ந்தவரும் மார்க் அடிப்படையில் இடம் பிடிக்கலாம்.

ஒரு வகுப்பில் 60 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏறத்தாழ 18 அல்லது 19 இடங்கள் சாதி பார்க்காமல் தரவரிசைப்படி நிரம்பும். ஐந்தாவது ரேங்க்கில் இருப்பவர் எம்பிசி மாணவர் என்றால் அவர் பொதுப் போட்டியில்தான் சேருவார். எம்பிசி பிரிவுக்கான 12 இடங்களில் ஒன்று அவரால் குறையாது. அந்த 12 இடங்கள் அடுத்தடுத்த எம்பிசி மாணவர்களுக்குப் போகும்.

கடலூர் மாவட்டத்தில் இந்த 20 சதவீதம் தனியாகப் பேசப்பட்ட விஷயம். 2021 பிப்ரவரியில் எம்பிசி பிரிவுக்குள் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூலையில் அரசாணையும் வந்தது. 2021 நவம்பர் 1-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ம் தேதி உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பழைய செய்திகளைப் பார்த்துவிட்டு 10.5 சதவீதம் இன்னும் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்குத்தான். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேர்க்கைக்கு அது கிடையாது.

கலந்தாய்வு: இங்கதான் சிக்கல்

பொறியியல் சேர்க்கையில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசை. மாணவர் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தால், கம்ப்யூட்டரே இடத்தை ஒதுக்கிவிடும். வீட்டிலிருந்தே முடிந்துவிடுகிற வேலை.

கலைக் கல்லூரிகளில் அப்படி இல்லை. இணையதளத்தில் வந்த விண்ணப்பங்கள் அந்தந்த கல்லூரிக்குப் போகும். ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு தரவரிசைப் பட்டியல் வெளியிடும். முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரரின் பிள்ளைகள், என்சிசி மாணவர்கள் போன்றோருக்கு சிறப்புப் பிரிவு கலந்தாய்வு. பிறகு மார்க் வாரியாக, பாட வாரியாக பொதுக் கலந்தாய்வு. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், ஒரிஜினல் சான்றிதழ்களோடு மாணவர் நேரில் போய் நிற்கணும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த ரேங்க்குக்குப் போய்விடுவார்கள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். இரண்டு கல்லூரியிலும் பெயர் போட்ட மாணவருக்கு ஒரே நாளில் இரண்டு இடத்திலும் அழைப்பு வந்தால் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆகணும். கடலூரில் பி.காம். கிடைக்குமா என்று தெரியாமல் காத்திருந்தால் சிதம்பரத்தில் கையில் இருந்த பி.எஸ்சி. இடம் போய்விடலாம். முதலில் கிடைத்ததில் சேர்ந்துவிட்டால் டி.சி.யும் அங்கே போய்விடும். பிறகு வேறு கல்லூரிக்கு மாற நினைத்தால் அதைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல்.

கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு நாள் கலந்தாய்வு என்பது ஒரு நாள் சம்பளம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, எஸ்எம்எஸ் எதற்கு வந்திருக்கிறது, எந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. பிளஸ் டூ முடித்ததும் செல்போன் நம்பரை மாற்றியதால் தகவலே வராமல் போவதும் உண்டு. மார்க்கில் ஜெயித்தும் தகவலில் தோற்றுப்போகிற இடம் இது.

அதற்காக, கல்லூரி வாரியான கலந்தாய்வே தப்பு என்று சொல்லிவிட முடியாது. கேட்ட பாடம் இல்லை என்றால் காலியாக இருக்கும் வேறு பாடத்தைப் பற்றி ஆசிரியரிடமே நேரில் கேட்டு அங்கேயே முடிவு எடுக்கலாம். பக்கத்துக் கல்லூரியில் படிக்க நினைக்கும் மாணவரை கம்ப்யூட்டர் எங்கோ தூரத்து ஊருக்கு அனுப்பிவிடும் அபாயமும் இல்லை. ஆனால் ஒரே மாவட்டத்துக் கல்லூரிகளாவது ஒரே நாளில் ஒரே பாடத்துக்கு அழைக்காமல் தேதியைப் பிரித்து வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் இதே விண்ணப்பமா?

இல்லை. சிதம்பரம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் வளாகத்தில் நடக்கும் கலை, அறிவியல் படிப்புகளுக்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் பெறுகிறது. பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய 5 ஆண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்புகளும் அங்கே உண்டு.

முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலையோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் பெரியார் கலைக் கல்லூரியில் படித்தாலும் டிகிரி சான்றிதழில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். டிகிரி கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம் என்றாலும், சேருவதற்கான கதவு இரண்டு. அரசு கல்லூரி விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு பல்கலைக்கழக வளாகத்தில் இடத்தை எதிர்பார்க்க முடியாது.

பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரி பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கதை வேறு. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு க்யூட் நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதை எதிர்த்து 2022 ஏப்ரல் 11-ம் தேதி தமிழக சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. மாநில அரசு கல்லூரிகளில் இன்றும் பிளஸ் டூ மார்க்தான்.

சமுதாயக் கல்லூரியில் டிகிரி படிக்கலாமா?

'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு டிகிரி என்று நினைத்துச் சேர்பவர்களும் உண்டு. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் கடலூருக்குப் பக்கத்தில், புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. பொதுவாக இவை தருவது சான்றிதழ், டிப்ளமோ படிப்புகள். தொழில் சார்ந்த டிகிரி வேண்டும் என்றால் யுஜிசி அனுமதி பெற்ற பி.வொக். படிப்பா என்று பார்த்துச் சேரணும்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி உண்டு. அங்கே கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், இரண்டு ஆண்டு படிப்பு. ஃபுளோரிடா 2001-ல் இந்தக் கல்லூரிகளே நான்கு ஆண்டு டிகிரி தர அனுமதித்தது. கலிஃபோர்னியா 2014-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கி 2021-ல் நிரந்தரமாக்கியது. ஆனால் அங்கும் கல்லூரிக்குள் நுழைவது எளிது, டிகிரி வகுப்புக்குத் தனி விண்ணப்பம், தனித் தகுதி. இடம் குறைவாக இருக்கும் எந்த ஊரிலும் ஏதோ ஒரு வடிகட்டல் இருக்கத்தான் செய்யும். அது மாணவருக்கு முன்கூட்டியே தெரிகிற மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

என்னவெல்லாம் ரெடியா வச்சுக்கணும்?

- 10, 11, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. ஒரிஜினலோடு சில செட் ஜெராக்ஸும் தேவை.
- சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் முன்னாடியே விண்ணப்பிப்பது நல்லது.
- விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் நம்பர் சேர்க்கை முடியும்வரை ஆனில் இருக்கணும். எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாமல் கல்லூரி இணையதளத்தையும் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள்.
- பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டுக்கும் போட்டி அதிகம். இரண்டாவது, மூன்றாவது விருப்பப் பாடத்தையும் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.
- முதல் கட்டத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் அத்தோடு முடிந்துவிடாது. காலி இடங்களுக்கு அடுத்த கட்டக் கலந்தாய்வு நடக்கும்.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஆனால் அதைப் பெற முதலில் கல்லூரியில் சேர்ந்திருக்கணும். உதவித்தொகைக்கு இவ்வளவு செலவு செய்யும் அரசு, கலந்தாய்வுத் தேதி ஒன்றோடொன்று மோதுவதால் ஒரு மாணவர் சீட்டை இழக்காமல் பார்த்துக்கொள்வதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.