மெழுகிழையும் பித்தளையும்

சத்தீஸ்கர் மாநிலத்துப் பஸ்தரில் வாழும் வார்ப்புக் கம்மியர் கட்வா எனப்படுவர். தெய்வ உருவங்களோடு, நெல் குற்றும் பெண், குடம் சுமப்பவள், தலைவாரிவிடும் தாய் முதலிய வீட்டுக் காட்சிகளையும் அவர்கள் வடிப்பர். வளையும் சிலம்பும் வார்ப்பர். களிமண் கருவின்மேல் தேன்மெழுகை நூலாகத் திரித்துச் சுற்றி, அதன்மேல் மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி நீங்கிய இடத்தில் பித்தளைக் குழம்பு நிறையும். உருவை எடுக்க அச்சை உடைத்தேயாக வேண்டும். அடுத்த உருவிற்கு மீண்டும் மெழுகிழைதான்! மெழுகு வார்ப்பில் 4,000 ஆண்டுகட்கு முன்பே பிறந்த மொகஞ்சதாரோ நடனமாது 10.5 சென்டிமீட்டர் உயரமே உடையவள். அவளைப் புதுதில்லி அருங்காட்சியகம் போற்றிக் காக்கின்றது. நெல் குற்றும் பெண்ணையோ, சிலர் தராசிலிட்டுப் பித்தளை விலைக்குக் கேட்கின்றனர். இது முறையன்று. இழை சுற்றிய நாள்களுக்கும் கூலி தரல் வேண்டும்.