கோழி தேறாது என்று சொல்லாதீர்கள்



இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தணியட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், தணியவில்லை.

ஒரு வீட்டுக் கூட்டில் நாயோ கீரியோ புகுந்துவிடுகிறது. நாலைந்து கோழிகள் செத்துப்போகின்றன. தப்பிய இரண்டு மூன்று, கூட்டுப் பக்கமே போகாமல் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. தீனி எடுப்பதில்லை. ஆளைக் கண்டால் அலறி ஓடுகின்றன. முட்டை நின்றுபோகிறது. உடனே வீட்டில் ஒரு பெரியவர் தீர்ப்பு சொல்கிறார்: "அரண்ட கோழி இனிமே தேறாது. உடம்பு வத்திப்போறதுக்குள்ள அறுத்துக் குழம்பு வெச்சிடு."

இந்த மாதத்தில் மட்டும் மூன்று வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன். மூன்று வீட்டிலும் அந்தக் கோழிகளுக்குப் பேர் வைத்து வளர்த்தது ஒரு குழந்தை.

நான் சைவம் பேச வரவில்லை. கறிக்கென்று வளர்த்ததைக் கறிக்கு எடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செல்லமாக வளர்த்ததை, பயந்துபோய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அறுப்பதைத்தான் கேட்கிறேன். பயப்படுவது ஒரு குற்றமா?

"கோழிக்கு ஏது புத்தி" என்பார்கள். நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்: வானத்தில் பருந்து வந்தால் சேவல் போடும் குரல் வேறு, தரையில் நாய் வந்தால் போடும் குரல் வேறு. 1990களில் கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலிய ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பருந்து இல்லாத இடத்தில் பருந்துக்கான குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டால்கூடக் கோழிகள் பதுங்கி மேலே பார்த்தன. அவ்வளவு விவரம் உள்ள பறவை, கூடப்பிறந்தவை செத்த கூட்டுக்குள் மறுநாள் நுழைய மறுத்தால் அதற்குப் பேர் புத்திகெட்டுப்போனது அல்ல. ஒருமுறை தீனி கிடைத்த இடத்துக்குக் கீரியும் நாயும் மறுபடி வரும். கோழியின் கணக்கு சரி. ஓட்டையை அடைக்காமல் அதே கூட்டுக்குள் அதைத் தள்ளுகிறோமே, நம் கணக்குத்தான் தப்பு.

எங்கள் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகம் வந்து மனைகள் பெருகிய பிறகும் ஏரிக்கரைப் புதர்களில் கீரி இருக்கத்தான் செய்கிறது. தெருநாய்களைச் சொல்லவே வேண்டாம். எனவே முதல் வேலை கூடு. மெல்லிய கோழிவலை நாய்க்கு ஒரு பொருட்டே அல்ல, கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதையுங்கள். ரத்தம் பட்ட வைக்கோலை எரித்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். மரநாயும் காட்டுப்பூனையும் இரவில் வரும், கீரி பகலிலேயே வரும். அதனால் ராத்திரி மட்டும் கதவைச் சாத்தினால் போதாது.

அடுத்தது காயம். இறகுக்குள் பல் பட்ட ஓட்டை வெளியே தெரியாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடங்கியிருக்கும். அப்போது மெதுவாக எடுத்து இறக்கைக்கு அடியிலும் முதுகிலும் பாருங்கள். நாய், பூனை கடித்த காயம் சின்னதாக இருந்தாலும் உள்ளே சீழ் வைக்கும். மஞ்சள் பூசியதோடு நிறுத்திக்கொள்ளாமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். காயம் இல்லாதவற்றைப் பிரிக்காதீர்கள், கூட்டம்தான் அவற்றுக்குத் தைரியம். செத்தவற்றுக்குப் பதிலாக உடனே புதுக்கோழி வாங்கி விடவும் வேண்டாம். யார் பெரியவர் என்ற கொத்துச்சண்டை புதிதாகத் தொடங்கும்.

இப்போது அறுக்கச் சொல்பவர்களை விட்டுவிட்டு, பாசக்காரர்களிடம் வருகிறேன். "ஐயோ பாவம்" என்று துரத்திப் பிடித்து மடியில் வைத்துத் தடவுகிறீர்கள். "பாருங்க டீச்சர், மடியில வெச்சா எப்படி அமைதியா இருக்கு" என்று போட்டோ அனுப்புகிறீர்கள். அது அமைதி இல்லை அம்மா. 1646இலேயே அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார், கோழியைத் தரையில் அமுக்கி அலகுக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் அசையாமல் கிடப்பதை எழுதிவைத்தார். கோட்டைக் கயிறு என்று கோழி நினைத்துக்கொள்வதாக அவர் எண்ணினார். பிடிபட்ட பயத்தில் உடம்பு விறைத்துப்போவதுதான் அது என்பது பிற்பாடு தெரிந்தது. கோழியைப் பொறுத்தவரை, மேலிருந்து வந்து அமுக்கும் கை பருந்துதான். அது உங்களைத் தேடி வரவேண்டும். நீங்கள் போய்ப் பிடிக்கக் கூடாது.

அது எப்படி வரும்? போன மழைக்காலத்தில் என் பழைய மாணவன் ஒருவன் (பேர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்) கத்தி தீட்டி வைத்திருந்த இரண்டு பெட்டைகளை நான் வாங்கி வந்தேன். தினமும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அதே இடத்தில், அதே புடவைத் தலைப்போடு, தரையோடு தரையாக உட்கார்ந்தேன். நேருக்கு நேர் பார்க்கவில்லை. "பா… பா… பா" என்று மெதுவாக ஒரே குரல். எட்டடி தள்ளிக் கொஞ்சம் கம்பும் நொய்யும் தூவினேன். ஒரு வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்துக் கவிழ்த்துவைத்துக் கரையான் பிடித்துப் போட்டேன். கரையானுக்கு எந்தக் கோழி மானம் பார்க்கும்? எட்டடி ஐந்தடி ஆயிற்று, ஐந்தடி இரண்டடி ஆயிற்று. பதினாறாம் நாள் ஒன்று என் கால்விரலைக் கொத்திப் பார்த்தது. மற்றது ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. இன்று இரண்டும் முட்டையிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆத்திரத்தில் கறியில் விஷம் தடவி வைக்கிற வேலை வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. நாய்க்கு விஷம் வைப்பதும் குற்றம்தான். அதைத் தின்பது உங்கள் கோழியைக் கடித்த நாயாகத்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வெளியூர் விருந்தாளி வந்தால் கிரிவலப் பாதையில் ரமணாசிரமத்துக்கு அழைத்துப் போகிறோம். பசு லட்சுமிக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காகத்துக்கும் அங்கே சமாதி இருப்பதைப் பெருமையாகக் காட்டுகிறோம். முருகன் கோயிலில் சேவற்கொடியைக் கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும், பயந்து நடுங்கும் கோழியைப் பார்த்து "குழம்பு வெச்சிடு" என்கிறோம். பக்கத்தில் நிற்கும் குழந்தை இதிலிருந்து என்ன படிக்கும்? பயந்தவன் பயன்படமாட்டான், பயந்தால் நம்மையும் தள்ளிவிடுவார்கள் என்றுதானே? இந்தப் பாடத்தைக் கற்ற பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அடி பட்டாலும் சொல்லாமல் மறைப்பார்கள்.

அடைவைத்த முட்டையில் குஞ்சு பொரிக்க 21 நாள் பொறுக்கிறோம். ஓட்டுக்குள் என்ன நடக்கிறது என்று உடைத்தா பார்க்கிறோம்? அந்தப் பொறுமையைப் பயந்த கோழிக்கும் கொடுங்கள். அறுக்கத்தான் வேண்டும் என்பவர்கள் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். என் கூட்டில் இன்னும் நான்கு கோழிக்கு இடம் இருக்கிறது.