முதலில் காண்பவர் பட்டிக்காரரே

இடம்பெயரும்போது நாம் வீட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டு வருகின்றோம். மாட்டை மட்டும் முடிந்தவரை ஓட்டிக்கொண்டு வருகின்றோம். வந்த இடத்தில் பல ஊர் மாடுகளும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கின்றன, ஒரே தரவையில் மேய்கின்றன. தொற்று நோய்க்கு இதைவிட வசதி வேறில்லை.

இதை எமது மண்ணே அனுபவித்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையில் காணப்படாதிருந்த வெக்கை நோய் 1987இல் மீண்டும் வந்தது. இந்தியப் படையினருடன் வந்த ஆடுகள் மூலம் அது நுழைந்ததாகக் கருதப்படுகின்றது. யுத்தம் நடந்த வடக்கு கிழக்கில் தடுப்பூசி போடுவதும் நோயைத் தேடிப் பார்ப்பதும் இலகுவாக இருக்கவில்லை. 1994 வரை அந்நோய் நீடித்தது.

ஆனால் இன்று உலகில் எங்கும் வெக்கை நோய் இல்லை. கடைசியாக அது 2001இல் கென்யாவில் காட்டெருமைகளில் காணப்பட்டது. 2011இல் முற்றாக ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இந்த வெற்றி ஆய்வுகூடங்களால் மட்டும் வந்ததன்று. வைத்தியர் போக முடியாத ஆபிரிக்கப் பிரதேசங்களில் மேய்ப்பர்களே பயிற்சி பெற்றுத் தடுப்பூசி போட்டார்கள். எந்தப் பட்டியில் என்ன நோய், எப்போது வந்தது என்பதை அவர்களிடமே கேட்டு அறிந்தார்கள். நோய்க் கண்காணிப்பு என்பது அடிப்படையில் இதுதான்: காண்பவர் சொல்வது, கேட்பவர் உடனே வருவது.

எங்களிடையே பலர் சொல்லத் தயங்குகின்றார்கள். "சொன்னால் மாட்டை விற்க விடமாட்டார்கள், பாலையும் எடுக்கமாட்டார்கள்" என்பது அவர்களின் பயம். அந்தப் பயம் நியாயமற்றதென்று நாம் கூறமாட்டோம். இருக்கும் ஒரேயொரு பசுவின் பாலில் சீவிப்பவருக்கு ஒரு மாதத் தடையும் பட்டினிதான். ஆனால் மறைத்து விற்ற மாடு அடுத்த ஊரின் பட்டியையும் அழிக்கும். 2020இல் தோல் கழலை நோய் முதன்முறையாக எமது நாட்டில், வடக்கில், காணப்பட்டது. கடிக்கும் ஈக்களும் நுளம்பும் பரப்பும் அந்நோய்க்கு வேலியும் இல்லை, எல்லையும் இல்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. புதிதாகக் கொண்டுவரும் மாட்டை நான்கு வாரமாவது தனியே கட்டுவோம். வாயில் நுரை, குளம்பில் புண், தொண்டையில் வீக்கம், தோலில் கழலை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவிப்போம். செத்த மாட்டைத் தோலுரிக்காமல், குளத்துக்குத் தூரமாக ஆழப் புதைப்போம். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் ஒரு கொப்பியில் திகதி, நோய்க்குறி, எத்தனை மாடு என்று எழுதி வைக்கட்டும். பத்து வீட்டுக் கணக்கு ஒன்றுசேர்ந்தால் நோய் எங்கிருந்து வருகின்றதென்பது தெரியும்.

அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கின்றோம். எங்கள் மாட்டில் எடுத்த இரத்தத்தின் முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள். தடை விதிக்கும் நாட்களுக்கு நிவாரணமும் கொடுங்கள். உண்மை சொன்னவன் நட்டப்படும் ஊரில் அடுத்தமுறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தரவையில் மாட்டின் நடை மாறியதை முதலில் காண்பவர் பட்டிக்காரரே. அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தால்தான் நோய் பரவ முன்னர் அதைத் தடுக்கலாம்.