பின்புறத்தையும் பாருங்கள்

தொலைக்காட்சி வாங்கச் செல்லும்போது, "இது எத்தனை அங்குலம்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அடுத்து விலையைக் கேட்கிறோம். பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால், ஒரு தொலைக்காட்சி நம் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை அங்குள்ள இணைப்புத் துளைகளே முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

கடந்த தீபாவளிக்கு எங்கள் வீட்டில் 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கினோம். படம் பளிச்சென்று இருந்தது. என் தாத்தாவுக்குக் காது சற்று மந்தம். அவர் பல ஆண்டுகளாக ஹெட்போன் மாட்டித்தான் செய்தி கேட்டு வந்தார். புதிய பெட்டியிலோ அதைச் செருகும் துளையே இல்லை! ஒலியைக் கூட்டினால் எங்களால் படிக்க முடியவில்லை. குறைத்தால் அவருக்குக் கேட்கவில்லை. "பரவாயில்லை, நான் படத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்," என்றார் தாத்தா. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எனவே, கடைக்குச் செல்லும் முன் வீட்டிலுள்ள கருவிகளைப் பட்டியலிட வேண்டும். எச்டிஎம்ஐ இணைப்பு, படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டு வரும். டிகோடர், விளையாட்டுக் கருவி, சவுண்ட்பார் ஆகிய மூன்றும் இருந்தால் அத்தகைய துளைகள் மூன்று தேவை. அவற்றுள் ஒன்றில் 'ஏஆர்சி' என்ற குறி இருப்பது நல்லது. அதன் வழியாகத் தொலைக்காட்சியின் ஒலி சவுண்ட்பாருக்குச் செல்லும். பழைய டிவிடி கருவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் வேண்டும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. புதிய பெட்டிகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. மேலும், மலேசியாவில் 2019இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே, ஆண்டெனா வழியாகப் பார்ப்போர் 'டிவிபி-டி2' வசதி உண்டா என்றும் கேட்க வேண்டும்.

"குறை இருந்தால் மாற்றுக் கருவி வாங்கிக்கொள்ளலாமே," எனச் சிலர் கூறலாம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால், அதற்குத் தனிச் செலவு, கூடுதலாக ஒரு கம்பி, இன்னொரு சுவிட்ச். முன்பு தாமே செய்தி கேட்ட தாத்தா, இப்போது யாராவது வந்து அதை இயக்கும் வரை காத்திருக்கிறார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அடுத்த முறை பெற்றோருடன் கடைக்குச் சென்றால், "பின்புறத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்," என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் உள்ள அனைவருக்கும் பயன்படுவதே நல்ல தொலைக்காட்சி.