பொருளோடு பணியும்

பொருளை விற்பதினும் அதன் பயனைப் பணியாக அளிப்பதே மேல் என்று இந்நாளைய உற்பத்தி ஆராய்ச்சி கூறுகிறது. யந்திரம் தம் உடைமையாகவே இருப்பின், அது நெடுநாள் உழைக்கவேண்டும் என்ற அக்கறை அளிப்போருக்குத் தானே பிறக்குமன்றோ? கோலார் தங்கவயலுக்கு இது புதிதன்று. 1902-ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கம் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் அனுப்பிற்று. சுரங்கக் கம்பெனிகள் மின்நிலையத்தை வாங்கவில்லை. குதிரைசக்திக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணமே செலுத்தின. கம்பியைப் பழுதின்றிக் காப்பது அரசாங்கத்தின் கவலையாயிற்று.

கழிவுக்கோ அத்தகைய ஏற்பாடில்லை. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண் மேடுமேடாகக் குவிந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது; மேடுகள் நின்றுவிட்டன. காற்று வீசும் நாட்களில் அத்தூசி தொழிலாளர் குடியிருப்புகளில் படிகிறது. பொன்னை அணிந்தவர் வேறெங்கோ இருக்கிறார்.

அம்மேடுகளில் எஞ்சியுள்ள பொன்னுக்காக அவற்றை ஏலமிட 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. பொன் எடுத்தபின் மிஞ்சும் மண்ணை மூடிப் பசுமையாக்கி, பல்லாண்டு பராமரிக்கும் பணியையும் அவ்வொப்பந்தத்திலேயே சேர்த்தல் வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் பலனைத் தங்கவயல் மக்கள் இன்றும் சுவாசிக்கின்றனர்.